ஒரு பாய்லரா, இரண்டு பாய்லரா?

எஸ்பிரெசோ மெஷினுக்கு வேலை இரண்டு. ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீரைக் காபித் தூளுக்குள் செலுத்துவது ஒன்று. பாலைச் சூடாக்கி நுரைக்க வைக்க நீராவி தருவது மற்றொன்று. முதல் வேலைக்குத் தண்ணீர் ஏறக்குறைய 90 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவதற்கு பாய்லர் 120 டிகிரியைத் தாண்ட வேண்டும். அழுத்தமானி 1 பார் காட்டினால் உள்ளே 120 டிகிரி; 1.5 பார் என்றால் 127 டிகிரி. இந்த இரண்டு வெப்பங்களுக்கும் நடுவே சுமார் முப்பது டிகிரி இடைவெளி. வீட்டுக்கு மெஷின் வாங்கப் போகிறவரைக் குழப்பும் கேள்விகளில் பாதி அந்த முப்பது டிகிரியிலிருந்து பிறக்கின்றன.

மலிவான வழி, ஒரே பாய்லரை இரண்டு வேலைக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. ரான்சிலியோ சில்வியா, காஜ்ஜியா கிளாசிக் போன்றவை அப்படித்தான் இயங்குகின்றன. காபியை இறக்கிவிட்டு, ஸ்டீம் சுவிட்சைப் போட்டு, பாய்லர் சூடேறும்வரை காத்திருந்து பாலை நுரைக்க வேண்டும். அடுத்த கோப்பைக்கு மறுபடியும் ஆறவைக்க வேண்டும். தனியாக ஒருவர் ஒரு கோப்பை குடிக்கும் வீட்டில் இது போதும். நான்கு பேருக்குப் பால் காபி போட வேண்டிய வீட்டில், கடைசி ஆளுக்குக் கோப்பை வரும்போது முதல் ஆள் குடித்து முடித்திருப்பார். அதனால்தான் அடுத்த படிக்கு நகர்கிறார்கள். அங்கே இரண்டு பாதைகள் பிரிகின்றன: ஹீட் எக்ஸ்சேஞ்சர், டூயல் பாய்லர்.

இவற்றில் முதலாவது எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் குணம் எளிதில் பிடிபடும். 1901இல் மிலானில் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை பெற்று, பின்னர் தேசிதேரியோ பவோனி தயாரித்து விற்ற மெஷின்களில் நீராவியின் அழுத்தமே தண்ணீரைத் தள்ளியது. கொதிநிலையைத் தாண்டிய தண்ணீர் நேரே தூளில் பாய்ந்ததால் காபி கருகிக் கசந்தது. 1948இல் அக்கீலே காஜ்ஜியாவின் நெம்புகோல் மெஷின் சந்தைக்கு வந்தது. சுருள்வில்லின் விசையால் அழுத்தம் பல மடங்கு உயர்ந்தது. காபியின் மேல் பொன்னிற நுரையான கிரேமா படர்ந்தது. ஆனால் தண்ணீர் அப்போதும் அதே நீராவி பாய்லரிலிருந்துதான் வந்தது. கடையில் கூட்டம் ஏற ஏற, காபி இறங்கும் உலோகத் தலையான குரூப்பும் சூடேறிப்போகும்.

1961இல் எர்னெஸ்தோ வலெந்தேயின் ஃபாயெமா நிறுவனம் கொண்டுவந்த இ61 இந்தச் சிக்கலை வேறு கோணத்திலிருந்து அணுகியது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று ஐரோப்பாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின் (எக்லிப்ஸ்) நினைவாக அதற்கு அந்தப் பெயர். மோட்டார் பம்ப் ஒன்று குழாயிலிருந்து புதுத் தண்ணீரை இழுத்து அழுத்தத்துடன் அனுப்பும். அந்தத் தண்ணீர் நீராவி பாய்லரின் ஊடே செல்லும் மெல்லிய செம்புக் குழாய் வழியாகப் போய், போகிற போக்கில் சூடாகி, குரூப்பை அடையும். நம் வீடுகளில் முன்பு இருந்த வெந்நீர் பாய்லரைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளலாம். அதில் நடுக்குழாயில் தணல், சுற்றிலும் தண்ணீர். இதில் சுற்றிலும் கொதிநீர், நடுக்குழாயில் குளிர்ந்த தண்ணீர். பாய்லர் நீரும் காபிக்குப் போகும் நீரும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. ஒரே பாய்லரில் ஒரே நேரத்தில் காபியும் நீராவியும் கிடைத்துவிட்டன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நான்கு கிலோ பித்தளை குரூப் இன்றும் ராக்கெட், ஈசிஎம், புரோஃபிடெக், பெட்ஸேரா, லெலிட் மெஷின்களில் ஏறக்குறைய அதே உருவில் இருக்கிறது.

ஆனால் இ61 கடைக்காகப் பிறந்தது. கடையில் நிமிடத்துக்கு ஒரு கோப்பை இறங்கும். குழாய்க்குள் தண்ணீர் தேங்க நேரம் கிடையாது. வீட்டில் காலையில் இரண்டு கோப்பை, பிறகு ஒரு மணி நேரம் சும்மா. அந்த ஒரு மணி நேரத்தில் குழாய்க்குள் நின்ற தண்ணீர் சுற்றியுள்ள கொதிநீரின் வெப்பத்தையே எட்டிவிடுகிறது. அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் அது ஆவியாவதில்லை. நூறு டிகிரிக்கு மேல் சூடான தண்ணீராகவே காத்திருக்கிறது. அப்படியே காபியில் விழுந்தால் பெட்ஸேரா காலத்துக் கசப்புதான்.

இதற்கு வீட்டுக்காரர் செய்யும் பரிகாரம் கூலிங் ஃப்ளஷ். தூள் நிரப்பிய கைப்பிடிக் கிண்ணமான போர்ட்டாஃபில்டரை மாட்டுவதற்கு முன், வெறும் குரூப்பின் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீரை ஓடவிட வேண்டும். முதலில் குரூப்பின் சல்லடையிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு, துளித்துளியாகத் தெறித்து, ஆவி பறக்கக் கொட்டும். சில நொடிகளில் சத்தம் அடங்கும். தெறிப்பு நின்று நீர் கம்பியாக, அமைதியாக இறங்கத் தொடங்கும். கொதிப்பு நின்றது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்குப் பின் எத்தனை நொடி ஓடவிட வேண்டும், ஓடவிட்ட பின் உடனே காபி இறக்குவதா, குழாய் மீண்டும் சூடேறச் சற்றுப் பொறுப்பதா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். குரூப்பில் பொருத்தும் சிறிய வெப்பமானி இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. பழகிய கைக்கு இது சுமையே இல்லை. ஆனால் ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஒரு கப் தட்டில் போகிறது. தட்டு சீக்கிரம் நிரம்புகிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. அதை விற்பவர்கள் அதிகம் சொல்வதில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் காபியின் வெப்பமும் நீராவியின் வலுவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. பால் சீக்கிரம் சூடாக வேண்டும் என்று பாய்லர் அழுத்தத்தைக் கூட்டினால் காபித் தண்ணீரும் சூடேறும். காபிக்காகக் குறைத்தால் நீராவி சோர்ந்துபோகும். அண்மைக் காலத்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷின்கள் சிலவற்றின் முகப்பில் டிஜிட்டல் எண் ஒன்று ஒளிரும். அது பெரும்பாலும் நீராவி பாய்லரின் வெப்பம். காபியின் வெப்பம் அன்று. 122 என்று காட்டுகிறதே என்று பயப்படவும் வேண்டாம், அதைப் பார்த்துக் காபியின் துல்லியத்தைக் கணிக்கவும் வேண்டாம்.

கயிற்றை அறுப்பதே டூயல் பாய்லரின் வேலை. ஃப்ளோரன்ஸில் 1927இல் தொடங்கிய லா மார்சோக்கோ, 1970இல் ஜிஎஸ் என்ற மெஷினில் காபிக்கு ஒரு பாய்லர், நீராவிக்கு ஒரு பாய்லர் என்று பிரித்தது. அதன் அருமையை உலகம் முழுமையாக உணர்ந்தது பின்னர் சியாட்டிலில். எஸ்பிரெசோ விவாச்சே கடையின் டேவிட் ஷோமர் போன்றவர்கள் தண்ணீரின் வெப்பம் ஒரு டிகிரிகூட அலையக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார்கள். வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து ஹீட்டருக்குச் சிறிது சிறிதாக மின்சாரம் விடும் பிஐடி கட்டுப்பாட்டுக் கருவி எஸ்பிரெசோ மெஷினுக்குள் வந்தது. அதே காலத்தில், 2000களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வீட்டு ஆர்வலர்கள் தங்கள் சில்வியாக்களில் ஆலைகளுக்கான பிஐடியைத் தாங்களே வாங்கிப் பொருத்தினார்கள். இன்று ஓரளவு விலையுள்ள வீட்டு மெஷின்களில் அது சாதாரணம்.

டூயல் பாய்லரில் 93 என்று அமைத்தால் காபி பாய்லர் 93இல் நிற்கும். நீராவியை 125க்கு ஏற்றினாலும், பால் சேர்க்காத நாளில் அந்த பாய்லரை அடியோடு அணைத்தாலும் காபிக்கு ஒன்றும் ஆகாது. எந்த நேரத்தில் வந்து நெம்புகோலைத் தூக்கினாலும் ஏறக்குறைய அதே காபி. இது பெரிய சௌகரியம். ஆனால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பாய்லர் 93இல் இருப்பதும் தூளில் விழும் தண்ணீர் 93இல் இருப்பதும் ஒன்றல்ல. இ61 குரூப் பொருத்திய டூயல் பாய்லர்களில் தண்ணீர் அந்த நான்கு கிலோ பித்தளையைக் கடந்தே தூளை அடைகிறது. வழியில் சில டிகிரியை இழக்கிறது. நிறுவனங்கள் அந்த இழப்பை முன்கூட்டியே கணக்கிட்டுத் திரையின் எண்ணைத் திருத்தி வைக்கின்றன. அந்தத் திருத்தம் மெஷின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பொருந்தும். சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடத்தில் திரை 93 என்று சொல்லலாம். குரூப் அப்போதும் குளிர்ந்திருக்கும். இ61 எந்த வகை மெஷினில் இருந்தாலும் அரை மணி நேரம் தராமல் ஒழுங்காக வேலை செய்யாது. லா மார்சோக்கோவில் பாய்லர் நீரே குரூப் வரைக்கும் வந்து நிற்கும்படி அமைத்ததும், பிரெவில் டூயல் பாய்லரில் குரூப்புக்கென்று தனி ஹீட்டர் வைத்ததும் இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

அப்படியானால் அந்த ஓரிரு டிகிரி நாக்குக்குத் தெரியுமா? விவாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது; ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாக யோசிக்கிறோம்.

வெப்பம் கூடினால் தூளிலிருந்து அதிகம் கரையும், குறைந்தால் புளிப்பு துருத்தி நிற்கும் என்பது பொது அனுபவம். இத்தாலியின் தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் தன் சான்றிதழுக்கு வைத்திருக்கும் அளவு 88 டிகிரி, கூடக் குறைய 2 டிகிரி. நன்கு வறுத்த, ரோபஸ்டா கலந்த இத்தாலியக் கலவைகளுக்கு அது போதும். வடஐரோப்பிய பாணியில் இளவறுப்பாக எடுத்த கொட்டைகள் இறுகியவை, எளிதில் கரையாதவை. அவற்றுக்கு 94, 95 தேவைப்படும்; அங்கே இரண்டு டிகிரி இறங்கினாலும் வாய் கூசும். 2020இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 87, 90, 93 டிகிரிகளில் இறக்கிய காபிகளைப் பயிற்சி பெற்ற சுவைஞர்களிடம் கொடுத்தார்கள். காபியின் அடர்த்தியும் தூளிலிருந்து கரைந்த விகிதமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டபோது, வெப்பத்தால் சுவையில் நேர்ந்த வேறுபாடு மிகக் குறைவு. அது டிரிப் காபியில் நடந்த ஆய்வு. எஸ்பிரெசோவுக்கு அப்படியே நீட்டிவிடக் கூடாது. ஆனாலும் அதில் ஒரு சேதி இருக்கிறது: வெப்பம் சுவையை மாற்றுவது பெரிதும் எவ்வளவு கரைந்தது என்பதன் வழியாகவே. கரைவதன் அளவை அரைப்பின் நைஸ், தூளின் எடை, இறக்கும் நேரம் ஆகியவற்றாலும் திருத்தலாம். ஆகவே கிரைண்டர் சரியில்லாத வீட்டில் டூயல் பாய்லர் வாங்குவது பணத்தைத் தப்பான இடத்தில் போடுவது. மெஷினுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை எடுத்துக் கிரைண்டரில் சேர்த்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலேயே நல்ல காபி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தமிழ் வீட்டுக் கணக்கு இங்கேதான் தனியாகிறது. நாம் குடிப்பது பெரும்பாலும் பால் காபி. ஏற்காட்டிலும் நீலகிரியிலும் பழனி மலையிலும் விளையும் கொட்டையை, பீபெர்ரியோ பிளான்டேஷன் ஏ-வோ, சற்று அழுத்தமாக வறுத்துத்தான் பழக்கம். முப்பது மில்லி எஸ்பிரெசோவின் மேல் நூறு மில்லிக்கு மேல் பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு, தண்ணீர் 92இல் இறங்கியதா 93இல் இறங்கியதா என்று கண்டுபிடிக்கும் நாக்கு அரிது. மேலும், பால் 60, 65 டிகிரியில் இனிப்பாக இருக்கும், நுரையும் பட்டாக நிற்கும் என்று பாரிஸ்டாக்கள் சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது ஆறின காபி. இன்னும் பத்து டிகிரி ஏற்றிக் கேட்பார்கள். நான்கைந்து கோப்பைக்கு வரிசையாக அப்படிச் சூடேற்ற அயராத நீராவி வேண்டும். பெரிய நீராவி பாய்லரோடு பிறந்த ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு இது கைவந்த வேலை. ராக்கெட் அப்பார்ட்டமென்டோ, லெலிட் மாரா எக்ஸ் இரண்டிலும் பாய்லர் 1.8 லிட்டர். டூயல் பாய்லரான லெலிட் பியான்காவில் நீராவிக்கு ஒன்றரை லிட்டர், காபிக்கு 800 மில்லி; இதுவும் நிறைவானதே. ஆனால் சிறிய டூயல் பாய்லர்களில் இடத்தையும் விலையையும் மிச்சப்படுத்த நீராவி பாய்லரைச் சுருக்கிவிடுகிறார்கள். விருந்தாளிகள் வந்த நாளில் மூன்றாவது குடுவைப் பாலுக்கு நீராவி தளர்ந்துவிடும். வாங்கும்போது பாய்லர் எத்தனை என்பதைவிட நீராவி பாய்லர் எத்தனை லிட்டர், ஹீட்டர் எத்தனை வாட் என்று கேட்பதே பயன்.

இரு முகாம்களுக்கும் நடுவே இருந்த வேலியும் இப்போது தாழ்ந்துவிட்டது. மாரா எக்ஸ் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான். ஆனால் நீராவியின் அழுத்தத்தை மட்டும் நம்பாமல் காபித் தண்ணீர் போகும் பாதையின் வெப்பத்தையும் உணர்ந்து ஹீட்டரை இயக்குகிறது. காபிக்கு மூன்று வெப்பநிலைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். காபிக்கு முன்னுரிமை தரும் முறையில் வைத்தால் ஃப்ளஷ் ஏறக்குறைய தேவைப்படுவதில்லை; காபி இறங்கிய பின் நீராவிக்காகச் சூடேற்றிக்கொள்கிறது. அதற்கு ஈடாக நீராவியில் சற்றே பொறுமை வேண்டும். பழைய நிபந்தனையான ஒரே கயிறு இங்கும் அறுபடவில்லை. அதை இழுப்பதும் தளர்த்துவதும் மெஷினின் பொறுப்பாகிவிட்டது, அவ்வளவே.

மின்சாரத்தைப் பொறுத்தவரை நமக்கு ஓர் அனுகூலம். அமெரிக்காவில் 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கில் 1800 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. ஆகவே அங்கே விற்கும் பல டூயல் பாய்லர்கள் இரண்டு ஹீட்டர்களையும் ஒரே நேரத்தில் இயக்குவதில்லை. காபி பாய்லர் கேட்டால் நீராவி பாய்லர் காத்திருக்கும். 230 வோல்ட் உள்ள இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் அந்த நெருக்கடி குறைவு. ஆனால் சமையலறையின் சாதாரண 6 ஆம்பியர் பிளக் 1380 வாட்டோடு நின்றுவிடும். எந்த வகை வாங்கினாலும் 16 ஆம்பியர் பவர் பிளக்கும் முறையான எர்த்தும் முன்னதாகவே போட்டுவைக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையடையாது. தமிழகத்தில் மெஷினின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். நீராவி பாய்லரிலிருந்து வெளியேறுவது ஆவி மட்டுமே. உப்புகள் உள்ளேயே தங்கும். மறுபடி தண்ணீர் நிரம்பும்போது இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். சில மாதங்களில் பாய்லர் நீர், குழாயில் வந்த நீரைவிடப் பல மடங்கு கடினமாகியிருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இந்தச் சுண்ணாம்பு நடுக்குழாயின் வெளிப்புறத்தில் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். பழகிய ஃப்ளஷ் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். டூயல் பாய்லரின் காபி பாய்லரில் ஆவி பிரிவதில்லை என்பதால் உப்பு அப்படிச் செறிவதில்லை. ஆனால் அதில் படிவு ஏற்பட்டால் கழுவி எடுப்பது கடினம்; பல மெஷின்களில் அதை வடிப்பதற்கே எளிய வழி கிடையாது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கம் நிற்பவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: அதில் காபிக்குப் போவது அப்போதே வந்த புதுத் தண்ணீர், டூயல் பாய்லரில் இரவெல்லாம் நின்ற தண்ணீர். காலையில் முதல் கோப்பைக்கு முன் கொஞ்சம் நீரை வெளியே விட்டால் அந்த வாதம் பெரும்பாலும் தீர்ந்துபோகும்.

ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று கேட்பார்கள். உப்பே இல்லாத தண்ணீரில் வேறொரு ஆபத்து. நீராவி பாய்லருக்குள் ஒரு சிறு உலோகக் கம்பி தொங்கும். தண்ணீர் அதைத் தொட்டால் அதன் வழியே மெல்லிய மின்னோட்டம் பாயும். பாய்லர் நிரம்பிவிட்டது என்று மெஷின் அறிந்து பம்பை நிறுத்தும். உப்பற்ற நீரில் மின்சாரம் சரியாகக் கடக்காது. கம்பி நனைந்தும் மெஷினுக்குத் தெரியாது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பாய்லர் நிரம்பி நீராவிக் குழாயில் தண்ணீர் வரும். போர் தண்ணீருக்கோ எதிர்த்திசை ஆபத்து: அதன் குளோரைடு துருப்பிடிக்காத எஃகையே அரிக்கும், அந்தச் சேதத்தை எந்த டீஸ்கேலிங் மருந்தாலும் சரிசெய்ய முடியாது. எளிய வழி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் சுத்தமான ஆர்ஓ நீரில் உணவுத் தரமுள்ள பொட்டாசியம் பைகார்பனேட் 100 மில்லிகிராம் கரைத்தால் போதும். கம்பிக்கு மின்சாரம் கடக்கும், அமிலத் தன்மை எட்டிப் பார்க்காது, சுண்ணாம்பு இல்லாததால் படிவும் இராது. அதோடு, வெந்நீர்க் குழாய் உள்ள மெஷினில் வாரம் ஒருமுறை பாய்லர் நீரைத் தாராளமாக வெளியேற்றிப் புதிதாக நிரம்பவிட வேண்டும். லட்ச ரூபாயைத் தாண்டும் பொருளுக்கு இந்தச் சில நிமிடங்களைச் செலவிடாதவர் எந்த வகை வாங்கினாலும் ஒன்றுதான்.

என் தீர்ப்பைக் கேட்டால் பிரித்தே சொல்வேன். அழுத்தமான வறுவல், பால் காபி, ஒரே கொட்டையை மாதக்கணக்கில் வாங்கும் பழக்கம் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர். மிச்சத் தொகை கிரைண்டருக்கு. வாரத்துக்கு ஒரு புதுக் கொட்டை, இளவறுப்பு, பாலில்லாமல் குடிப்பவர், ஒரு டிகிரி மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆவல் உள்ளவர் என்றால் டூயல் பாய்லர். அவருக்கு அது ஆடம்பரமே அல்ல. வீட்டில் இருவர் இரு விதமாகக் குடித்தாலும் இரண்டாவதுதான் சண்டையைத் தவிர்க்கும்.

கடைசியாகக் கேட்க வேண்டியது பழுது. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அழுத்தச் சுவிட்ச் ஒன்று, ஹீட்டர் ஒன்று, வால்வுகள் சில. இ61 குரூப்பின் கேஸ்கெட்டும் சல்லடையும் பல நிறுவனங்களின் மெஷின்களுக்குப் பொது. கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்றலாம். டூயல் பாய்லரில் இவற்றில் பல இரண்டிரண்டு, போதாததற்கு மின்னணுப் பலகை. அது பழுதானால் அந்த நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும், நமக்குப் பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டும். எனவே விலை பேசும் முன், உதிரி எங்கே கிடைக்கும், பலகை மாற்ற ஊரில் யார் இருக்கிறார்கள், அதுவரை மெஷினை எங்கே அனுப்ப வேண்டும் என்ற மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.